நெய் ஊத்துனா என்ன ப்ரோ, அதுவும் வெஜ்தானே? - வீகன் குழப்பம் எங்கே ஆரம்பிக்குது?

ஹோட்டல்ல போய் "நான் வீகன்"னு சொல்லிப் பாருங்க. "நம்ம கடை ப்யூர் வெஜ்தான் சார்" என்று சிரித்துக்கொண்டே நெய் மிதக்கிற பொங்கலைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. நம்ம ஊரில் 'வெஜ்' என்று சொன்னாலே பால், தயிர், நெய், பன்னீர் எல்லாம் சம்மன் இல்லாமலே ஆஜராகிவிடும்.

வீகனுக்குத் தமிழில் 'நனிசைவம்' என்று ஒரு சொல் புழங்குகிறது. நனி என்றால் மிகுதி. அதாவது ரொம்ப ரொம்ப சைவம். அழகான சொல்தான். ஆனா, குழப்பத்துக்குப் பிள்ளையார் சுழி போடுறதே அதுதானோன்னு தோணுது. சைவம் என்ற சொல் சிவநெறியிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தது. அங்கே பாலுக்கு விலக்கு கிடையாது, சிவனுக்கே பாலபிஷேகம் உண்டு. வீகன் ஆட்கள் கேள்வி கேட்பதோ அந்தப் பாலைத்தான்.

வீகன் என்ற சொல் பிறந்ததே பால் பஞ்சாயத்தில்தான். 1944-ல் இங்கிலாந்தில் மரவேலை ஆசிரியராக இருந்த டொனால்ட் வாட்சனும் சில நண்பர்களும், பாலையும் தவிர்க்கும் வெஜிடேரியன்களுக்குத் தனி இடம் கேட்டார்கள். அங்கிருந்த வெஜிடேரியன் சொசைட்டி ஒத்துக்கொள்ளவில்லை. 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் ஒட்டி 'வீகன்' ஆக்கினார்கள். தனிச் சங்கமும் தொடங்கினார்கள்.

"பால் கறந்தா மாடு சாகுதா என்ன?" நியாயமான கேள்வி. கன்று போட்டால்தான் மாடு பால் தரும். அதனால் திரும்பத் திரும்ப சினை ஊசி. பிறப்பது காளைக் கன்றாக இருந்தால்? உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, கலப்பினக் காளையை வைத்து என்ன செய்வது? பால் வற்றிய மாட்டுக்கு யார் தீவனம் போடுவது? பெரும்பாலும் சந்தைக்குப் போகும். அங்கிருந்து எங்கே போகும்னு மாடு வளர்க்கிற எல்லாருக்கும் தெரியும். ஒரு டம்ளர் பாலுக்கும் இறைச்சிக் கடைக்கும் தொடர்பு இருக்கிறது என்பதுதான் வீகன்கள் சொல்லும் விஷயம். நீங்க ஒத்துக்கணும்னு இல்லை. அவர்கள் சொல்வது இதுதான் என்று தெரிந்தால் போதும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' என்று வாடகை வீட்டில் போர்டு மாட்டும் ஊர் இது. இங்கே ஒருத்தர் கறி வேண்டாம்னு சொன்னா, அதுல சாதி வாசனை அடிக்குதான்னு பலர் சந்தேகப்படுறது இயல்பு. வீகன் கணக்கில் 'சுத்தம்' என்ற பேச்சே வராது. அதன்படி பார்த்தால் ப்யூர் வெஜ் கடையின் பால்கோவாவும் பக்கத்துக் கடை பிரியாணியும் ஒரே வரிசைதான். இதைப் புரிந்துகொள்ளாமல், கறி சாப்பிடுகிறவர்களை இளக்காரமாகப் பார்க்கும் வீகன்களும் இருக்கிறார்கள். அவங்ககிட்ட ஒரு கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க.

பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியும் வீகனுக்கு உதவாது. பாலும் தேனும் சேர்ந்திருந்தாலும் அதே புள்ளிதான். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ 2022-ல் வீகன் உணவுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. பச்சை நிற 'வி' எழுத்தில் ஓர் இலை முளைத்த முத்திரை இருந்தால் அது வீகன்.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் 2021-ல் வந்தது. தாவரப் பாலுக்கு மாறச் சொல்லி பீட்டா இந்தியா அமுலுக்குக் கடிதம் எழுதியது. 10 கோடி பால் விவசாயிகளுக்கு, அதிலும் நிலமில்லாத குடும்பங்களுக்கு யார் சோறு போடுவது என்று திருப்பிக் கேட்டார் அமுலின் அப்போதைய நிர்வாக இயக்குநர் ஆர்.எஸ்.சோதி. ஒரு கறவை மாட்டை நம்பி பிள்ளைக்கு ஃபீஸ் கட்டும் வீடுகள் தமிழ்நாட்டிலும் ஏராளம். இதற்கு 'பாதாம் பால் குடிங்க' என்பது பதிலே ஆகாது. வீகன் இயக்கம் இன்னும் சரியாகப் பதில் சொல்லாத கேள்வி இது என்பது என் கருத்து.

"பணக்காரங்க டயட்" என்ற பேச்சு மட்டும் பாதிதான் உண்மை. பாக்கெட் பாதாம் பால் ஆவின் விலையைவிடப் பல மடங்கு. ஆனா சுண்டல், எள்ளு சாதம், தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம், திருநெல்வேலி சொதி எல்லாம் காலங்காலமாக வீகன்தான். யாரும் அந்தப் பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

"புரோட்டீனுக்கு என்ன பண்ணுவ?" என்று கேட்கிறவர்களுக்கு: 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் இருக்கிறது. பருப்பு, சோயாவும் கைகொடுக்கும். கால்சியத்துக்குக் கேழ்வரகு, எள், கீரை. அம்மாக்கள் நிஜமாகவே கவலைப்பட வேண்டியது பி12 பற்றி. நம்பும்படியான அளவில் எந்தச் செடியிலும் அது கிடையாது. ஸ்பைருலினா போதும் என்று ரீல்ஸில் சொல்வதை நம்பாதீர்கள். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. சில வருடம் கழித்துச் சோர்வு, கை கால் மரத்துப்போவது, ரத்தசோகை என்று வரும். அதனால் வீகன் ஆகிறவர்கள் பி12 மாத்திரையோ, பி12 சேர்த்த உணவோ எடுத்தே ஆக வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் என்றால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.