தொழிலுரிமை கற்பிப்பார்க்குத் தொழிலுரிமை எங்கே?

தொழிலாளர் சட்டமும் தொழிலுறவும் கற்பிக்கப் பகுதிநேர விரிவுரையாளர் வேண்டுமெனப் பல்கலைக் கழகங்கள் அறிவிப்பு வெளியிடுகின்றன. முதுநிலைப் பட்டம் வேண்டுமாம், தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டுமாம், பட்டறிவும் வேண்டுமாம். ஆனால், பணியுறுதியை மட்டும் அவர் கேட்டுவிடக் கூடாது!

இது மறைவாகச் சொல்லப்படுவதும் அன்று. பல்கலைக் கழக நல்கைக் குழு 2019 சனவரி 28இல் வெளியிட்ட நெறிமுறை வருகைதரு ஆசிரியர்க்குப் பாடவேளை ஒன்றுக்கு 1,500 உருபாவும், திங்களுக்கு மிகுதியாகப் போனால் 50,000 உருபாவும் வரையறுத்தது. நிலையான ஆசிரியர்க்குரிய படிகள், ஓய்வூதியம், பணிக்கொடை, விடுப்பு ஆகியவை இவர்க்கு இல்லையென்றும் கூறிற்று. நிலையான உதவிப் பேராசிரியர்க்கோ, ஏழாம் ஊதியக் குழுவின் வழி, தொடக்க அடிப்படை ஊதியமே 57,700 உருபா, படிகள் தனி. பாடவேளைக்குத்தான் கூலி, அதற்கென இரவெல்லாம் படித்த வேளைக்கும், விடைத்தாளோடு மாரடித்த வேளைக்கும் யார் கூலி தருவார்?

இத்தகையவர் வகுப்பில் நின்று எதைக் கற்பிக்கின்றார்? ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் என்னும் நெறி தற்காலிகப் பணியாளர்க்கும் உரியதென்று பஞ்சாப்பு மாநில வழக்கில் 2016 அக்குத்தோபரில் உச்ச அறமன்றம் அளித்த தீர்ப்பைக் கற்பிக்கின்றார்! 1947ஆம் ஆண்டுத் தொழிற்பூசல் சட்டத்தைக் கற்பிக்கின்றார். அச்சட்டத்தின்படி கற்பிப்போர் 'தொழிலாளர்' ஆகார் என்று அதே மன்றம் 1988இல் கூறிவிட்டது. 2025 நவம்பர் 21இல் அதனிடத்திற்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தின் வரையறையிலும் ஆசிரியர் என்னும் சொல் இல்லை. பிறர்க்கு வேலி கட்டக் கற்பிக்கும் ஒருவர் தாம் வேலிக்குப் புறத்தே நிற்கின்றார். இதனினும் கொடிய முரண் உண்டோ?

குசராத்து அரசுக் கல்லூரிகளில் ஒப்பந்த முறையில் திங்களுக்கு 30,000 உருபா பெற்றுவந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்காடினர். 2025 ஆகத்தில் உச்ச அறமன்றம், அப்பணிக்குரிய ஊதிய நிலையின் தொடக்க அளவையேனும் அவர்க்குத் தருமாறு ஆணையிட்டது. கேட்டவர்க்குக் கிடைத்தது, கேளாதார் நிலை என்ன?

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் இவர்க்குக் 'கௌரவ விரிவுரையாளர்' என்று பெயர். பெயரில் பெருமை, பையில் வெறுமை! அவ் வடசொல்லைக் களைந்து 'மதிப்புறு விரிவுரையாளர்' என்று எழுதிவிட்டால் மட்டும் போதுமா? சொல் தூய்மையானால் அதன் பொருளும் தூய்மையாதல் வேண்டுமன்றோ?

தொழிற்சங்கத்தில் முதிர்ந்த ஒருவரோ, தொழிலாளர் வழக்குரைஞர் ஒருவரோ கிழமைக்கு இரண்டு பாடவேளை வந்து தம் பட்டறிவைப் பகிர்தல் நன்று. அவர்க்குப் பிழைப்பு வேறிடத்தில் உண்டு. குற்றம் அதில் இல்லை. ஆண்டுதோறும் தவறாமல் இருக்கும் பாடத்தை, ஆண்டுதோறும் நிலையில்லாத ஆளைக் கொண்டு நடத்துவதே குற்றம்.

இழப்பு அவர்க்கு மட்டுமா? 1908இல் தூத்துக்குடிப் பவழ ஆலைத் தொழிலாளர்க்காக வ.உ.சி. நின்ற போராட்டமும், 1918இல் திரு.வி.க. முதலியோர் துணைநிற்கத் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கமும், 1923இல் சிங்காரவேலர் சென்னையில் கொண்டாடிய மே நாளும் தமிழில் விரிவாக எழுதிக் கற்பிக்கத் தக்க வரலாறுகள். அடுத்த பருவத்தில் இருப்போமா என்றறியாதவர் பாடநூல் எழுதுவாரா? கலைச்சொல் தொகுப்பாரா? மாணவர்தம் ஆய்வுக்கு வழிகாட்டுவாரா?

ஆகவே, நிலையான பாடத்திற்கு நிலையான பணியிடம் வேண்டும். உண்மையிலேயே பகுதிநேரமாயின், நிலையான ஆசிரியரின் ஊதியத்திற்கேற்ற விழுக்காடு வேண்டும். படிக்கும் வேளையும் திருத்தும் வேளையும் கணக்கில் வரவேண்டும். கோடை விடுமுறைக்கும் மகப்பேற்றிற்கும் ஊதியம் வேண்டும்.

தொழிலுரிமைக் கல்வியின் முதற்பாடம் கரும்பலகையில் எழுதப்படுவதன்று. அவரைப் பணியில் அமர்த்தும் ஆணையிலேயே எழுதப்பட வேண்டுவது!