ராட்டினமா, விளையாட்டா?

சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்தபோது, கேளிக்கை இடங்களுக்கான நுழைவுக் கட்டணத்துக்கு 28 சதவீத வரி விதிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் நீர் விளையாட்டுப் பூங்கா, குடை ராட்டினம், சூதாட்ட விடுதி ஆகியவற்றோடு 'கோ-கார்ட்' ஓட்டுவதும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தது. 2018 ஜனவரியில் வரி 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சூதாட்ட விடுதியிடமிருந்து கார்ட் பிரிக்கப்பட்டது; ராட்டினத்திடமிருந்து பிரிக்கப்படவில்லை.

வரி கூடியதா, குறைந்ததா என்பதல்ல இங்கு கேள்வி. நான்கு சக்கரமும் ஒரு சிறிய என்ஜினும் கொண்ட இந்த வண்டியை அரசு எப்படிப் பார்க்கிறது என்பதே கேள்வி. விடுமுறை நாளில் பத்து நிமிடம் சுற்றிவிட்டு இறங்கும் கேளிக்கை என்ற அளவிலேயே அது பார்க்கப்படுகிறது. உலகின் தலைசிறந்த கார் பந்தய வீரர்களில் பெரும்பாலோர் முதல் பாடம் படித்தது இந்த வண்டியில்தான் என்பது தில்லியின் கோப்புகளில் இன்னும் ஏறவில்லை.

பொழுதுபோக்கு மையங்களில் வாடகைக்குக் கிடைக்கும் வண்டியும், கழகப் போட்டிகளில் ஓடும் வண்டியும் ஒன்றல்ல. பந்தய கார்ட்டில் அதிர்வு தாங்கி கிடையாது, கதவு கிடையாது, கூரையும் கிடையாது. ஓட்டுநரின் இருக்கை தரையிலிருந்து சில அங்குல உயரத்தில்தான் இருக்கும். தேசியப் போட்டிகளில் நெடுங்காலமாகப் பயன்படும் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் என்ஜின், 125 சி.சி. திறனிலேயே வண்டியை மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் செலுத்தும். பள்ளிச் சிறுவர்களுக்கு அவர்கள் வயதுக்கேற்பத் திறன் குறைக்கப்பட்ட என்ஜின்கள் உண்டு.

ஒரு போட்டிப் பருவம் என்பது சில மாதங்களில் பரவிக்கிடக்கும் பல சுற்றுகளைக் கொண்டது. ஒவ்வொரு சுற்றும் ஒரு வார இறுதி. முதலில் பயிற்சி, பின்னர் தகுதி ஓட்டம், அதன் பிறகு பந்தயங்கள். வெற்றிக்கும் அடுத்தடுத்த இடங்களுக்கும் புள்ளிகள் உண்டு. பருவத்தின் முடிவில் அவற்றைக் கூட்டிப் பட்டம் வழங்கப்படும். ஒரு நாள் அதிர்ஷ்டத்தால் பட்டம் கிட்டாது. மழையில் ஒரு ஞாயிறு, வெயிலில் ஒரு ஞாயிறு, விபத்தில் சிக்கிப் பாதியில் வெளியேறிய ஒரு ஞாயிறு என எல்லாம் சேர்ந்துதான் வெற்றியாளரைத் தீர்மானிக்கின்றன.

நேர்மைக்கான ஏற்பாடுகளும் கவனிக்கத்தக்கவை. ரோட்டாக்ஸ் என்ஜின்கள் எண்ணிட்ட முத்திரையுடன் வருகின்றன. அங்கீகரிக்கப்பட்ட பழுதுநீக்கும் மையத்தைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்க முடியாது. பந்தயம் முடிந்ததும் வண்டியும் ஓட்டுநரும் சேர்த்து எடை போடப்படுகின்றனர். குறைந்தபட்ச எடைக்குக் கீழே இருந்தால் வெற்றி செல்லாது. எடை குறைந்த சிறுவன் இருக்கையில் ஈயக்கட்டி பொருத்திக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். கொடி காட்டுவோர், வண்டியைப் பரிசோதிப்போர், நேரம் குறிப்போர் எனத் தடத்தைச் சுற்றி நிற்பவர்களில் பலர் ஆர்வத்தால் வந்த கழகத் தொண்டர்கள். விதி, நடுவர், தண்டனை, மேல்முறையீடு ஆகிய அனைத்தும் கொண்ட ஒன்றை ராட்டினத்தின் பக்கத்தில் நிறுத்துவது என்ன நியாயம்?

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 33-ஆவது இனம், நாடகம், திரைப்படம் ஆகியவற்றுடன் விளையாட்டையும் கேளிக்கையையும் ஒரே மூச்சில் குறிப்பிடுகிறது. இரண்டுக்கும் இடையே கோடு போடும் வேலை பின்னர் அதிகாரிகளின் கைக்குப் போனது. 2009-இல் ஃபார்முலா-1 உரிமைக் கட்டணத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தபோது, இது விளையாட்டல்ல, வணிக நோக்கிலான கேளிக்கை என்று கூறி மத்திய விளையாட்டு அமைச்சகம் மறுத்துவிட்டது. ஃபார்முலா-1 பந்தயத்தைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. 2011 முதல் 2013 வரை கிரேட்டர் நொய்டாவில் மூன்றே பந்தயங்கள் நடந்தன. பின்னர் மிஞ்சியது வரி வழக்கு மட்டுமே. அது உச்ச நீதிமன்றம் வரை சென்று 2017-இல் வருமான வரித் துறைக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால், உச்சியில் இருக்கும் வணிகத்துக்குச் சொன்ன பதிலையே அடிவாரத்தில் இருக்கும் கழக விளையாட்டுக்கும் சொல்லிவிட்டதுதான் தவறு.

விளைவு என்ன? அரசு விலகி நின்ற இடத்தைத் தந்தையரின் பணப்பை நிரப்பியது. இதுவரை ஃபார்முலா-1 பந்தயத்தில் ஓடிய இந்தியர் இருவர். இருவருமே தமிழகம் தந்தவர்கள். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓடிய கோவையின் நரேன் கார்த்திகேயன், 2010-இல் எச்.ஆர்.டி. அணிக்காக ஓடிய சென்னையின் கருண் சந்தோக். இருவரின் திறமையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால், இருவருமே பந்தயம் ஓட்டிய தந்தையரின் பிள்ளைகள் என்பதும் உண்மை. 145 கோடி மக்கள் வாழும் நாட்டில் இந்தத் திறமை ஒரு சில வீடுகளில் மட்டுமே பிறக்கிறது என்று நம்புவதற்கு எந்த முகாந்திரமும் இல்லை.

பணம் ஒரு தடை என்பதை முன்னரே உணர்ந்தவர் கோவையின் கரிவர்தன். 1980-களின் இறுதியில் மாருதி 800 என்ஜினைப் பொருத்தி அவர் உருவாக்கிய 'ஃபார்முலா மாருதி' கார்கள், பந்தயத்தை அதுவரை எட்டாதவர்களுக்கும் எட்டவைத்தன. நரேனின் தொடக்கமும் அந்தக் காரில்தான். 1995-இல் விமான விபத்தில் கரிவர்தன் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003-இல் அமைந்த பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1953-இல் தொடங்கப்பட்ட சென்னை மோட்டார் பந்தயக் கழகம், சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தி, பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைத்தது. தனி மனிதர்களும் கழகங்களும் செய்த பணி இது. இதில் மத்திய அரசின் பங்கு என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை.

தமிழகத்திலேயே நிலைமை இதுவென்றால், கடல் கடந்து வாழும் தமிழரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் உள்ளது ஹேடோ. தலைநிலத்திலிருந்து கப்பல்கள் வந்து சேரும் துறை இருக்கும் பகுதி அது. 2011 கணக்கெடுப்பின்படி, அந்தமான் நிக்கோபார் மக்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேரின் தாய்மொழி தமிழ். ஹேடோவில் வசிக்கும் ஒரு சிறுவன் கார்ட் பந்தயத்தில் ஓட விரும்பினால், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து சென்னைக்கு வர வேண்டும். கப்பலில் ஒரு வழிப் பயணமே மூன்று நாள். ஒரு பருவத்தின் எல்லாச் சுற்றுகளுக்கும் இப்படிப் போய்வர எந்தப் பள்ளியும் விடுப்பு தராது. எந்த நடுத்தரக் குடும்பமும் தாங்காது.

ஹேடோவை இங்கே குறிப்பிடக் காரணம் தூரம் மட்டுமல்ல. விளையாட்டு மாநிலப் பட்டியலில் இருப்பதால், பொறுப்பை மாநில அரசுகள் மீது சுமத்திவிட்டு மத்திய அரசு ஒதுங்கிக்கொள்ளலாம். அந்தமானில் அதற்கு வழியில்லை. அங்கே சட்டப்பேரவை கிடையாது. யூனியன் பிரதேசத்துக்கு எந்தப் பட்டியலில் உள்ள பொருள் பற்றியும் சட்டமியற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது. அந்த நாடாளுமன்றத்தின் மக்களவையில் தீவுகளுக்கு இருப்பதோ ஒரே ஓர் உறுப்பினர். ஆகவே, ஹேடோ சிறுவனுக்குப் பதில் சொல்ல வேண்டியது தில்லி மட்டுமே.

தில்லி மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதையும் அதே தீவுகள் காட்டியிருக்கின்றன. 2004 சுனாமியின்போது கார் நிக்கோபாரில் மரத்தைப் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் தவித்து உயிர் பிழைத்த ஒன்பது வயதுச் சிறுமி டெபோரா ஹெரால்ட். அவர் சைக்கிள் பந்தய வீராங்கனையாகி, தில்லியில் இந்திரா காந்தி விளையாட்டரங்கின் சைக்கிள் தடத்தில் பயிற்சி பெற்று, 2016-இல் உலகத் தடச் சைக்கிள் போட்டியில் பங்கேற்கத் தகுதி பெற்றார். நிக்கோபாரின் இன்னொரு வீரர் ஈசோ அல்பன், 2018-இல் சுவிட்சர்லாந்தில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். மறு ஆண்டு ஜெர்மனியில், மணிப்பூர் வீரர்களுடன் சேர்ந்து அணிப் பந்தயத்தில் தங்கம் வென்றார். இவர்கள் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். தேடிக் கண்டெடுத்து, தங்க இடமும் ஓட்ட வண்டியும் கொடுத்தது அரசின் விளையாட்டு அமைப்பு. உலகத் தரம் வாய்ந்த பந்தய சைக்கிளும் ஏழைக்கு எட்டாத விலைதான். அதற்குக் கிடைத்த வழி கார்ட்டுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

விளையாட்டா, கேளிக்கையா என்பது சொல் விளையாட்டல்ல. உயிர்ப் பிரச்னையும் கூட. 2018-இல் அரியானாவின் பிஞ்சோரிலும், 2020-இல் ஹைதராபாத் புறநகரிலும் வாடகைக் கார்ட்டின் சக்கரத்தில் தலைமுடி சிக்கி இளம் பெண்கள் உயிரிழந்தனர். தலைமுடியைக் கட்டித் தலைக்கவசத்துக்குள் அடக்குவதும், சுழலும் அச்சுக்கு மூடி போடுவதும் பெரிய தொழில்நுட்பமல்ல. கழகப் போட்டிகளில் முதல் நாள் பரிசோதனையில் பார்க்கப்படும் எளிய விஷயங்கள் இவை. அந்த ஒழுங்கு வாடகைத் தடங்களுக்குக் கட்டாயமாக வேண்டும். அதேவேளையில், கழகங்களும் கேள்விக்கு அப்பாற்பட்டவை அல்ல. 2023 ஆகஸ்டில் சென்னைத் தடத்தில் நடந்த தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். எந்த வயதில், எந்தத் திறன் கொண்ட வண்டியை ஓட்டலாம் என்பதைப் போட்டி நடத்துவோர் மட்டுமே முடிவு செய்வது போதாது என்பதை அந்த மரணம் உணர்த்தியது. விளையாட்டென்று ஏற்றுக்கொண்டால்தான் விசாரிக்கும் கடமையும் அரசுக்கு வரும்.

இதற்கு எதிரான வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. பள்ளிகளில் ஓடுவதற்கே மைதானம் இல்லாத நாட்டில், பெட்ரோல் எரித்து ஓடும் விளையாட்டுக்கு மக்கள் வரிப்பணமா என்று கேட்போர் உண்டு. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் இறுதியில் இரவு நேரத் தெருப் பந்தயம் நடந்தபோதும் இந்தக் கேள்வி எழுந்தது. உயர் நீதிமன்றம் வரை சென்றது. கேள்வி நியாயமானதே. இரண்டு நாள் காட்சிக்குக் கோடிகளைக் கொட்டுவதை ஆதரிப்பதற்கில்லை. ஆனால், அந்தக் கோடிகளில் ஒரு சிறு பகுதி இருந்தால், ஒரு கழகத்தில் இருபது கார்ட்டுகளை ஒரு பருவம் முழுவதும் ஓட்டலாம். காட்சிக்குப் பணம் கிடைக்கிறது. கல்விக்குக் கிடைப்பதில்லை என்பதே குறை. கடற்கரைச் சாலைகளில் நள்ளிரவில் உயிரைப் பணயம் வைத்து மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓடும் இளைஞர்களைக் காவல் துறையால் மட்டும் தடுத்துவிட முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தேசிய விளையாட்டு நிர்வாக மசோதாவை நிறைவேற்றின. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. சம்மேளனங்களுக்கு அங்கீகாரம் அளிக்கத் தேசிய விளையாட்டு வாரியம், வழக்குகளைத் தீர்க்கத் தீர்ப்பாயம் ஆகியவற்றுக்கு அச்சட்டம் வழி செய்கிறது. கோடு எங்கே போடப்பட வேண்டும் என்பதை மறுபடியும் சிந்திக்க இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. முதலாவதாக, உரிமம் பெற்ற கழகங்கள் நடத்தும் கார்ட் போட்டியைக் கேளிக்கைப் பட்டியலிலிருந்து பிரித்து, விளையாட்டு என்று தெளிவாக வரையறுக்க வேண்டும். இரண்டாவதாக, வாடகைத் தடங்களுக்கும் போட்டித் தடங்களுக்கும் நாடு முழுவதற்கும் பொதுவான பாதுகாப்பு விதிகள் வேண்டும். சிறார்களின் வயது வரம்பு அதில் இடம்பெற வேண்டும். மூன்றாவதாக, வண்டியைக் குடும்பம் வாங்காமல் கழகமே வைத்திருந்து, குலுக்கல் முறையில் ஓட்டுநர்களுக்கு ஒதுக்கும் முறையை ஊக்குவிக்க வேண்டும். முத்திரையிட்ட என்ஜின் இருக்கும்போது இது கடினமல்ல. பணத்தின் பங்கு குறைந்து, கையின் பங்கு கூடும்.

நான்காவது கோரிக்கை தீவுகளுக்கானது. ஹேடோவில் பந்தயத் தடம் கட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. நிலத்தின் அருமையும் எரிபொருளும் கப்பலில் வந்து இறங்க வேண்டிய நிலையும் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்கவும் மாட்டார்கள். சைக்கிளுக்குச் செய்ததைச் செய்தால் போதும். ஆண்டுக்கு ஒரு தேர்வு முகாமைத் தீவில் நடத்தி, தேறும் சிலரைக் கோவையிலோ சென்னையிலோ தங்கவைத்து, பள்ளிப் படிப்பும் பந்தயப் பயிற்சியும் தர வேண்டும். அதற்கான செலவு மத்திய நிதிநிலை அறிக்கையில் தனி வரியாகக் கூட இடம்பெறாத அளவுக்குச் சிறியது.

நரேனுக்கும் கருணுக்கும் பிறகு மூன்றாவது பெயர் எப்போது வரும் என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கப்படுகிறது. அது எப்போது வரும் என்பதைவிட, எந்த வீட்டிலிருந்து வர அனுமதிக்கப் போகிறோம் என்பதே நாடாளுமன்றம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.