மொச்சைக்கு வேப்பங்கொட்டை

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில், சானமாவுக் காட்டை ஒட்டியுள்ள கிராமங்களில், கேழ்வரகுக்கு இடையே சால் பிடித்து விதைக்கப்பட்ட மொச்சை மார்கழிப் பனியில் காய்த்துக் குலுங்கும்போது, ஓசூர்ச் சந்தையோடு பெங்களூர்ச் சந்தையும் அதன் பச்சைக் காயை ஆவலுடன் எதிர்பார்த்திருக்கும். காயின் மேலுள்ள எண்ணெய்ப் பசையின் பரிமளத்தை முகர்ந்து பார்த்தே விலை பேசுவோர் உண்டு. அதே பருவத்தில் காய்ப்புழுவும் வந்துவிடுகிறது. புழுவைக் கண்டு கலங்கிய விவசாயி, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் விஷத்தைத் தெளித்துவிட்டு, அதன் வீரியம் தணியுமுன்பே காயைப் பறித்து அனுப்பவேண்டிய நிர்ப்பந்தத்துக்கு ஆளாகிறார்.

இதற்கு மாற்றாக வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு பலிப்பதில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். அது பலிக்காமற் போவதற்குக் காரணம் சாற்றின் குறையன்று, காலம் தவறிய பிரயோகமே என்பது என் திடமான அபிப்பிராயம். 1962-இல் டில்லி பூசா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரதான் முதலியோர், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தின்னாது விலகுவதை எழுதி வைத்தனர். தொட்டவுடன் கொல்வது அதன் சுபாவமன்று. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சிக்கு இரையில் வெறுப்பை உண்டாக்கி, இளம்புழு தோலுரித்து வளரும் கிரமத்தையும் குலைக்கிறது. ஆகையால் பூவெடுக்கும் தருணத்திலேயே தெளித்தாலன்றி, காயைத் துளைத்து உள்ளே புகுந்துவிட்ட பெரும்புழுவை அது ஒன்றும் செய்யாது.

ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம்பழத்தைப் பொறுக்கிச் சதை நீக்கி நிழலில் உலர்த்தினால், மூன்று மாதம் கழிந்து எட்டு மாதத்துக்குட்பட்ட கொட்டையே உத்தமம் என்ற விதிக்கு இசைய, மொச்சை பூக்கும் காலத்துக்கு அது பக்குவமாக இருக்கும். ஏக்கருக்குப் பத்துக் கிலோ பருப்பை இடித்து இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, இருநூறு லிட்டராக்கிச் சோப்புக் கரைசல் சேர்க்கவேண்டும். வெயில் பட்டால் அசாடிராக்டின் சிதைந்துவிடும் என்பதால் மாலையில் தெளிப்பதே முறை. ஆனால் கேழ்வரகு அறுப்புக் காலத்தில் யானைக் கூட்டம் தங்கும் சானமாவுப் பக்கத்தில், பொழுது சாய்ந்தபின் வயலில் நில் என்று எவரிடம் சொல்ல முடியும்? வெயில் தாழத் தொடங்கியதும் பலர் கூடி விரைந்து தெளித்து, இருட்டுமுன் வீடு திரும்புவதே இங்கு சாத்தியம்.

அதற்கு ஆள் வேண்டும். இளைஞர்கள் சிப்காட் ஆலைகளின் முறை வேலைக்குப் போய்விட்ட ஊர்களில், கொட்டை பொறுக்கி இடிக்கும் பிரயாசையை முதியோர் தலையில் சுமத்துவது நியாயமன்று. அயல்நாட்டார் வேம்பின் மீது பெற்ற ஐரோப்பியக் காப்புரிமை ஒன்றை 2005-இல் முடிவாக ரத்துச் செய்வித்த தேசம் நம்முடையது. அத்தேசத்தில் அக்கொட்டை மரத்தடியிலேயே மிதிபட்டு மக்குகிறது. ஊராட்சிகளும் மகளிர் குழுக்களும் ஆடியிலேயே கொட்டையைக் கூலி கொடுத்துச் சேகரிக்கட்டும். தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் அதை இடித்துப் பொடியாக்கி, உர மூட்டைக்குப் பக்கத்திலேயே ஐப்பசிக்குள் விற்பனைக்கு வைக்கட்டும்.