திரையைப் பிரிப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது

உயர்தர ஐ.சி.ரி. வகுப்பில் பைதன் தொடங்கினால் பெரும்பாலும் வரிசை ஒன்றுதான். மூன்று பாடப் புள்ளிகளின் சராசரி, ஒற்றை எண் இரட்டை எண், பிறகு பெருக்கல் வாய்ப்பாடு. பிழை என்று சொல்ல வரவில்லை. ஆனால் பிள்ளைகள் அதை எழுதி, விடையைப் பார்த்து, மூடிவிடுகிறார்கள். கல்குலேட்டர் செய்கிற வேலைக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

என்னைக் கேட்டால், இரண்டாம் வாரமே இரண்டு விண்டோக்களை அருகருகே நிறுத்தும் புரோகிராம் ஒன்றை எழுதச் சொல்லலாம்.

விண்டோஸின் யூசர்32 இல் மூவ்விண்டோ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பைதனோடு சேர்ந்தே வரும் சிடைப்ஸ் மூலம் அதைக் கூப்பிடலாம். இணையம் வேண்டாம், புதிதாக எதையும் இன்ஸ்டோல் பண்ணவும் வேண்டாம் (எங்கள் ஆய்வுகூடங்களுக்கு இது சின்ன விசயமில்லை). எந்த விண்டோ, இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு, அகலம், உயரம், திரும்ப வரைய வேண்டுமா என்று மட்டும்தான் அது கேட்கும். 1366 அகலத் திரையில் முதலாவது 0 இல் தொடங்கும், அடுத்தது 683 இல். பிள்ளை எழுதிய எண்ணுக்குத் திரை அசையும்.

கணித வகுப்பில் வை அச்சு மேலே போகப் போகக் கூடும். திரையில் உற்பத்தி இடது மேல் மூலை. கீழே வர வரக் கூடும். உயரத்தை முழு 768 என்று கொடுத்தால் அடிப்பகுதி டாஸ்க்பாருக்குப் பின்னால் போய்விடும், அதைக் கழிக்க வேண்டும். பெரிதாக்கிய விண்டோவை முதலில் சாதாரண நிலைக்குக் கொண்டுவர வேண்டும். விண்டோஸ் 10 இல் எல்லாம் சரியாகக் கணக்கிட்டாலும் நடுவில் ஒரு கீற்று இடைவெளி தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஓரம் ஒன்றும் அகலத்தில் சேர்வதுதான் காரணம். அந்த இடைவெளி ஏன் வந்தது என்று ஒரு பிள்ளை தேடத் தொடங்கினால் அன்றைக்குப் படிப்பித்தது போதும்.

"விண்டோஸ் கீயையும் அம்புக்குறியையும் அழுத்தினால் வருமே சேர்?" என்பார்கள். வரும், 2009 இல் விண்டோஸ் 7 வந்ததிலிருந்து வருகிறது. 1985 இன் முதல் விண்டோஸில் விண்டோக்கள் அருகருகேதான் நின்றன. ஒன்றன்மேல் ஒன்று ஏறியது 1987 இல் இரண்டாம் பதிப்பில். ஆனால் அந்தக் கீ அகலத்தைப் பாதி பாதியாகத்தான் பிரிக்கும், தினமும் கையால் அழுத்தவும் வேண்டும். எனக்கு மூன்றில் இரண்டு பங்கு ஒன்றுக்கும் மீதி மற்றதற்கும் வேண்டும் என்றால்?

தவணைப் புள்ளி ஏற்றும் நாட்களை நினைத்துப் பாருங்கள். பாட ஆசிரியர் தந்த எக்செல் ஒரு விண்டோ, வகுப்பின் முழுப் புள்ளித்தாள் இன்னொன்று. ஒன்றை மறைத்து மற்றதைத் திறந்து 40 பெயர் ஏற்றும்போது ஒரு வரி நழுவினால் ஒருவரின் புள்ளி மற்றவருக்குப் போய்விடும். பாதிப் பெயர்கள் பாத்திமாவில் தொடங்குகிற எங்கள் வகுப்புகளில் அதைக் கண்டுபிடிப்பதும் லேசில்லை. எக்செல் மெக்ரோவாலேயே இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்து, ஒன்றை நகர்த்தினால் மற்றதும் கூடவே நகரும்படி செய்யலாம்.

அடுத்த தவணைக்கு முன் உங்கள் உ/த பிள்ளைகளிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் முடிப்பவர் ஆசிரியர் அறைக் கணினியில் ஓட்டிக் காட்டட்டும்.