தாயின் தையற்பெட்டி



“மணமாவதற்கு முன்பு எத்தனையோ கைவேலை செய்தேன். பிள்ளைகள் பிறந்த பிறகு எல்லாம் போயிற்று” என்று சொல்லாத தாய்மார் மிகச் சிலரே. ஆனால் அவ்வாறு சொல்லும் ஒரு தாயின் தையற்பெட்டியைத் திறந்து பாருங்கள். அடியில் பாதி தைத்த மேசை விரிப்பு இருக்கும். அதன்மேல் குழந்தைக்குப் பின்னிய காலுறையில் மிஞ்சிய கம்பளிப் பந்து. அதற்கும் மேலே பள்ளிச் சட்டைகளின் பொத்தான்கள், காற்சட்டைக்கு ஒட்டுப்போட எடுத்து வைத்த காக்கித் துண்டு. கைவேலை எங்கும் போய்விடவில்லை. குடும்பம் வளர வளர அது தன் உருவத்தை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த மாற்றத்தில் இயல்பானது எது, இழக்கக் கூடாதது எது என்பதை இம்மாதம் சற்றுச் சிந்திப்போம்.

அலங்காரத்தின் காலம்

கன்னிப் பருவத்திலும் மணமான புதிதிலும் செய்யும் கைவேலை பெரும்பாலும் அலங்காரத்திற்காகவே அமைகிறது. தலையணை உறையின் மூலையில் இரு கிளிகள், அவற்றின் கீழே ‘குட் நைட்’ என்னும் எழுத்துகள். வாசல் திரையில் அன்னங்கள். கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டுவதற்குக் கம்பளி நூலால் தைத்த ‘நல்வரவு’. இவையெல்லாம் நம் இல்லங்களில் ஒரு தலைமுறையின் அடையாளங்கள். எட்டு மீட்டர் நீளமுள்ள நூற்சிட்டத்தின் ஆறு இழைகளை இரண்டிரண்டாகப் பிரித்து, தண்டுக்குக் காம்புத் தையல், இதழுக்கு நிரப்புத் தையல், பூவின் நடுவே முடிச்சுத் தையல் என்று ஒரு பெண் பொறுமையோடு அமர்ந்து தைக்கிறாள். நண்பகல் உணவு முடிந்தது முதல் மாலை விளக்கேற்றும் வரை அவளுக்கு நேரம் முழுத்துணியாகக் கிடைக்கிறது. பெரிய வேலைகளை அவள் துணிந்து தொடங்குவது அதனால்தான்.

தொட்டில் கட்டிய பின்

முதற்குழந்தையை எதிர்பார்க்கும் நாளிலேயே கைவேலையின் அளவு சுருங்கிவிடுகிறது. நான்கு முழ விரிப்பு தைத்த கை, நான்கு விரற்கடைக் காலுறை பின்னுகிறது. அழகைவிட மென்மை முதன்மையாகிறது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணியை உடனே உடுத்தாமல், பலமுறை துவைத்து மிருதுவான பழந்துணியை உடுத்தும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. புதுத்துணியின் கஞ்சியும் முரட்டு ஓரமும் இளந்தோலை உறுத்தும் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். எனவே பழைய வேட்டியிலிருந்தும் பருத்திப் புடவையிலிருந்தும் ஜப்லாக்கள் பிறந்தன. தையல் விளிம்பு உட்புறம் உறுத்தாதவாறு மடித்துத் தைப்பதும், குழந்தை பிய்த்து வாயிலிட்டுக்கொள்ளக்கூடிய மணியையும் பொத்தானையும் தவிர்த்து நாடா வைப்பதும் அன்னையின் புதிய கலை. பூவேலையின் ஆசை முழுதும் திருமுழுக்கு உடையின் கழுத்தோரத்தில் ஒரு சாண் அளவிற்குள் அடங்கி நிற்கும். அந்த ஒரு சாணில் அவள் காட்டும் கைத்திறன், முன்பு ஒரு திரை முழுவதும் காட்டியதற்குக் குறைந்ததன்று.

நேரம் துண்டு துண்டாகும் காலம்

இரண்டாவது, மூன்றாவது குழந்தைகள் வந்து, ஒன்று தவழவும் ஒன்று ஓடவும் தொடங்கிவிட்டால் நேரம் துண்டுத் துணியாகிவிடுகிறது. பால் காய்வதற்குள் பத்து நிமிடம், குழந்தை கண்ணயர்ந்ததும் கால் மணி. இந்நிலையில் எல்லாக் கைவேலையும் ஒத்துவராது. உருளைத் தலையணைமேல் எண்ணற்ற ஊசிகளைக் குத்தி, பல கதிர்களில் நூல் சுற்றி மாற்றி மாற்றிப் பின்னும் லேஸ் வேலையை எண்ணிப் பாருங்கள். நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குக் கற்பித்த கலை அது. 1897-இல் பெல்ஜியம் நாட்டிலிருந்து அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்டர் வந்து தம் துறவறப் பணியைத் தொடங்கிய முளகுமூடும் லேஸ் வேலைக்குப் பெயர்பெற்றதே. கண்டோர் வியக்கும் அக்கலையைத் தவழும் குழந்தையின் அருகில் வைத்துச் செய்ய இயலுமா? ஒரே ஓர் இழுப்பில் ஒரு வாரத்து உழைப்பு கலைந்துவிடும்.

இரண்டு ஊசிகளில் பின்னும் கம்பளி வேலையிலும் இதே அச்சம் உண்டு. அதில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியின்மேல் உயிரோடு நிற்கின்றன. குழந்தை ஊசியை உருவிவிட்டால் கண்ணிகள் வரிசையாக அவிழும். குரோஷா வேலை அப்படிப்பட்டதன்று. எந்த நேரத்திலும் அதில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். அந்தக் கண்ணியில் ஓர் ஊக்கை மாட்டிவிட்டு எழுந்து போகலாம். மூன்று நாள் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சிறு சிறு சதுரங்களாகப் பின்னி வைத்தால், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு அமர்வில் முடியும். சதுரங்கள் சேர்ந்த பிறகு இணைத்துப் போர்வையாக்கலாம்.

குரோஷாவின் இப்பண்பு வரலாற்றிலும் விளங்கியது. 1845-இல் அயர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுக் கொடிய பஞ்சம் தொடங்கியது. அக்காலத்தில் உர்சுலைன் கன்னியர் போன்றோர் ஏழைப் பெண்களுக்கு இந்தப் பின்னலைக் கற்றுக்கொடுத்தனர். பட்டறை வேண்டியதில்லை, ஒரு கொக்கி ஊசியும் நூலும் போதும். குடிசையில் அடுப்பையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டே பூவாகவும் இலையாகவும் தனித்தனியே பின்னினார்கள். அவற்றைப் பின்னர் இணைத்து விற்று உணவு வாங்கிய குடும்பங்கள் பல. நேரம் துண்டாகிப் போனவர்கள் துண்டுகளைக் கொண்டே முழுமையான ஒன்றைச் செய்தார்கள்!

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஓர் எச்சரிக்கையும் தேவை. வேலை தொடங்கும்போது எத்தனை ஊசி எடுத்தோமோ, முடிக்கும்போது அத்தனையும் எண்ணித் திரும்ப வைக்க வேண்டும். பெட்டி பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பள்ளிமணி அடித்த பின்

பிள்ளைகள் பள்ளி செல்லும் பருவத்தில் அன்னையின் ஊசி பழுதுபார்க்கும் ஊசியாக மாறுகிறது. வளரும் பெண்ணின் பாவாடைக்கு இரண்டு அங்குலம் உள்மடிப்பு வைத்துத் தைத்து, ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் பிரித்து இறக்குகிறாள். பிரித்த இடத்தில் பழைய மடிப்பின் கோடு வெளுத்துத் தெரியும். பூத்தையல் அறிந்த தாய் அக்கோட்டின்மேல் ஒரு வரிசைச் சங்கிலித் தையல் ஓட்டிவிடுவாள். குறை மறைந்து அதுவே அழகாகிவிடும். கிழிசலுக்கு இழையோட்டவும், அண்ணனின் சட்டையைத் தம்பிக்குக் குறுக்கவும், நைந்த புடவைகளை அடுக்கித் தைத்து விரிப்பாக்கவும் அதே கைகள்தாம். சில வீடுகளில் பிளாஸ்டிக் வயர்க்கூடை பின்னுவதும், அண்டை வீட்டாருக்கு இரவிக்கை தைப்பதும் பள்ளிக் கட்டணத்திற்குத் துணைநிற்கின்றன.

அது மட்டுமா? இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளை வந்து, “அம்மா, நாளைக்குப் பள்ளிக்குக் காகிதப்பூ செய்துகொண்டு போக வேண்டும்” என்று நிற்பான். கிறிஸ்மஸ் நெருங்கினால் மூங்கிற் சீவலில் நட்சத்திரம் கட்டவும், குடிலுக்கு வைக்கோல் வேயவும் பசையோடும் கத்தரிக்கோலோடும் அம்மாதான் உட்கார வேண்டும். பிள்ளைகளின் கை கோணலாக ஒட்டினாலும் தான் திருத்தாமல் பார்த்திருப்பதும் ஒரு கைவேலையே. அதுவே எல்லாவற்றிலும் கடினமானது என்பார் பல தாய்மார்.

எதை இழக்கக் கூடாது?

இதுவரை கூறியவை யாவும் அன்பின் மாற்றங்கள். அவற்றை நான் குறைகூறவில்லை. ஆனால் இங்கே ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. ஒரு காலத்தில் தன் மகிழ்ச்சிக்காக ஊசி எடுத்தவள், இப்போது பிறர் தேவைக்காக மட்டுமே ஊசி எடுக்கிறாள். தைப்பது கடமைகளின் வரிசையில் இன்னொரு கடமையாகிவிடுகிறது. தன் மனத்தில் தோன்றிய ஒன்றைத் தன் கையால் ஆக்கிப் பார்க்கும் மகிழ்வு அவளை விட்டு மெல்ல நழுவுகிறது. அது நழுவியதை வீட்டில் ஒருவரும் கவனிப்பதில்லை. சில வேளை அவளே கவனிப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தாய், மணமான ஆண்டில் ஒரு மேசை விரிப்பைத் தொடங்கினார். பன்னிரண்டு ரோஜா மலர்கள் தைக்க எண்ணம். ஆறு மலர்கள் முடிந்தபோது மூத்த மகன் பிறந்தான். பிறகு இன்னும் மூவர். இடையில் ஒருமுறை அவர் அதைக் கையிலெடுத்தபோது, “இப்போது இதற்கு என்ன அவசியம்? பையனின் சட்டை கிழிந்து கிடக்கிறதே” என்றார் கணவர். கோபமாகச் சொன்ன சொல் அன்று. ஆயினும் விரிப்பு டிரங்குப் பெட்டிக்குத் திரும்பியது. பதினெட்டு ஆண்டுகள் வெளியே வரவில்லை. கடைசிப் பிள்ளையும் ஓரளவு வளர்ந்த பின், மகள் ஒருத்தி பெட்டியைக் குடையும்போது அதைக் கண்டெடுத்தாள். “நான் முடித்துத் தரட்டுமா, அம்மா?” என்று கேட்டாள். “வேண்டாம், கண்ணே! இது ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும்” என்றார் தாய். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்த கணவர், மறுநாளே சன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தார்.

மீதி ஆறு மலர்களும் தைக்கப்பட்டன. ஆனால் கடையில் வாங்கிய புது நூல் பழைய சிவப்போடு பொருந்தவில்லை. பாதி மலர்கள் மங்கலாகவும் பாதி ஒளியோடும் இருக்கின்றன. பிரித்துத் தைக்கலாமே என்றவர்களுக்கு, “இடையில் இருந்த ஆண்டுகளை எப்படிப் பிரிப்பது?” என்று சிரித்தபடி பதில் சொன்னார் அவர்.

நீதிமொழிகள் நூலின் இறுதி அதிகாரம் போற்றும் இல்லத்தலைவியை நாம் அனைவரும் அறிவோம். அவள் ஆட்டுமயிரும் சணலும் தேடுகிறாள், கதிரைக் கையில் எடுக்கிறாள், குளிர் வந்தாலும் அஞ்சாதபடி தன் வீட்டாரை உடுத்துவிக்கிறாள், ஆடை நெய்து வணிகருக்கும் விற்கிறாள். அவளுடைய உழைப்பைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும் நாம், இடையில் வரும் ஒரு வசனத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். அவள் தனக்கென்றும் விரிப்புகளைச் செய்கிறாள். மெல்லிய துணியும் ஊதா ஆடையும் உடுத்துகிறாள் என்பதே அது. வீட்டாருக்கும் வணிகருக்கும் நடுவே அவளுக்கும் ஓர் இடம் இருக்கிறது. அதைத் தன்னலம் என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டாருக்கும் தாய்மாருக்கும்

இன்று ஆயத்த ஆடைகள் எளிதில் கிடைக்கின்றன. தையல் வகைகளைக் கைப்பேசியில் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். துணிக்காக ஊசி எடுக்க வேண்டிய நெருக்கடி பல வீடுகளில் குறைந்துவிட்டது. ஆனால் அன்னைக்கு அரை மணி கிடைப்பது எளிதாகிவிட்டதா? அதை வீட்டார்தாம் சொல்ல வேண்டும்.

கணவர்மாரே, அவர் ஊசியும் நூலுமாக அமரும் அரை மணியில் காப்பி கேட்காதீர்கள். நல்ல வெளிச்சமுள்ள ஓர் இடத்தை அவருக்கு ஒதுக்குங்கள். வலக்கையால் தைப்பவருக்கு இடப்புறமிருந்து ஒளி விழுந்தால் கையின் நிழல் துணியில் படாது. பிள்ளைகளே, பெண்ணாயினும் ஆணாயினும் உங்கள் பொத்தானை நீங்களே தைக்கப் பழகுங்கள். நீங்கள் தைக்கும் ஒவ்வொரு பொத்தானும் உங்கள் தாய்க்குத் திருப்பித் தரும் ஐந்து நிமிடம்.

தாய்மாரே, பெரிய வேலை இயலாத காலத்தில் சிறிய வேலையை மேற்கொள்ளுங்கள். ஆனால் அது உங்களுக்குப் பிடித்ததாக இருக்கட்டும். பாதியில் வைக்க நேர்ந்தால் துணியை வளையத்திலிருந்து கழற்றி வையுங்கள். இல்லாவிடில் வளையத்தின் தடம் துணியில் நிலைத்துவிடும். நூற்சிட்டத்தின் தாளில் உள்ள நிற எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். நாற்பது வயதைக் கடந்து அருகிலுள்ளது மங்கலாகத் தெரிந்தால், கண்ணாடி அணிந்துகொண்டு, அகன்ற காதுள்ள ஊசியையும் இழை எண்ணித் தைக்கத்தக்க மேட்டித் துணியையும் தேர்ந்துகொள்ளுங்கள். வயதாயிற்று என்று பெட்டியை மூடிவிட வேண்டாம்.

இன்று மாலை பெட்டியின் அடியில் கைவிட்டுப் பாருங்கள். பாதியில் நிற்கும் ஒன்று அங்கே இருக்கக்கூடும். கிழிந்த சட்டை நாளைவரை காத்திருக்கும்.