போர்வையின் அடிப்பக்கம்

பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேற்பரப்பைப் பற்றியே எழுதுகிறார்கள். வண்ணங்கள், ஒட்டுத்துணிகளின் ஒழுங்கு, பாட்டியின் நினைவு. போர்வையைத் திருப்பிப் பார்த்தவர்கள் குறைவு. அதன் தரத்தை அடிப்பக்கத்தில்தான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

அடித்துணி மடிந்து, அந்த மடிப்பின் மீதே தையல் ஓடியிருந்தால் அவ்விடம் உடம்பில் உறுத்தும். சலவைக்குச் சலவை தேய்ந்து முதலில் கிழிவதும் அதுதான். தைத்தவளின் கை சரியில்லை என்று சொல்லிவிடுவது எளிது. பிழையோ தையலுக்கு முன்பே, நூலோட்டத்தில் நேர்ந்திருக்கும். அடுக்குகள் நகராதபடி நீள நீளமாக இழையோட்டிவிட்டு, வேலை முடிந்ததும் உருவி எறிகிறோமே, அந்தத் தையலைச் சொல்கிறேன்.

கீழக்குயில்குடியில், சமணமலையின் அடிவாரத்தில், ஒரு மூதாட்டி இதைச் செய்யப் பார்த்திருக்கிறேன். அடிச்சேலையைத் தரையில் விரித்து நான்கு மூலைகளிலும் செங்கல் வைத்தார். மேலே வருவதைவிட அது எல்லாப் பக்கமும் ஒரு சாண் பெரிது. சுருக்கமில்லாமல் நீவினாரே தவிர இழுக்கவில்லை. இழுத்துக் கட்டிய துணி, கல்லை எடுத்ததும் தன் பழைய அளவுக்குத் திரும்பும். அப்போது சுருக்கம் நிச்சயம். அதன்மேல் மற்ற சேலைகளை ஒவ்வொன்றாக விரித்து, ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தள்ளித் தள்ளி நீவினார். நூலோட்டமும் நடுவிலிருந்தே தொடங்கியது. நான்கு விரல் இடைவெளியில் விளிம்பு நோக்கி வரிவரியாகப் போயிற்று. விளிம்புகளை முதலில் கட்டிவிட்டால் உள்ளே மிஞ்சும் தளர்ச்சி வெளியேற வழியின்றி நடுவில் திரண்டுவிடும். எல்லாமே பலமுறை துவைத்த பருத்திச் சேலைகள். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பதை நாம் ஒழுக்கமாக மட்டும் படித்துவிட்டோம். துவைக்காத புதுத்துணி ஓர் அடுக்கில் இருந்தாலும் முதல் சலவையில் அது மட்டும் சுருங்கி மற்றவற்றை இழுக்கும்.

விதிவிலக்கும் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்திப் பெண்கள் கவந்தி என்னும் போர்வையை விளிம்பில் தொடங்கி, ஒட்டுத்துணிகளைச் சேர்த்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள். கையால் தைப்பதால் அது இயல்கிறது. ஒவ்வொரு தையலுக்கும் துணியை நீவ நேரம் இருக்கிறது. தையல் எந்திரம் அந்த நேரத்தைத் தராது. அதன் பற்கள் அடித்துணியை முன்னே தள்ள, அழுத்தும் பாதம் மேல்துணியைப் பின்னே நிறுத்துகிறது. அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது எந்திரத்தின் பிறவிக் குணம். எந்திரம் வந்தபின் நூலோட்டம் தேவையில்லை என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் தலைகீழாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

என் மனத்தாங்கல் கூலியைப் பற்றியது. உருப்படிக் கணக்கில் கூலி பேசுகிறவர்கள் கண்ணில் படும் தையலுக்குத்தான் விலை வைக்கிறார்கள். உருவி எறியப்படும் நூலுக்குக் கணக்கில் இடமில்லை. ஆகவே பெண்கள் அதைக் குறைக்கிறார்கள். ஓரங்களில் நாலு குண்டூசி குத்தி எந்திரத்தில் ஏற்றுகிறார்கள். பிறகு அடிப்பக்கம் சுருங்கியிருக்கிறது என்று உருப்படி திரும்பி வருகிறது. நட்டமும் அவர்கள் தலையில்தான்.

இலக்கியவாசிகளான நமக்கும் இதில் பங்குண்டு. ஜசீமுத்தீனின் ‘நக்‌ஷி கந்தார் மாட்’ 1929இல் வெளிவந்தது. ஒரு பெண் தன் வாழ்க்கையையே கந்தாவில் தைத்து வைக்கும் கதை. அதை வாசிக்கும்போது அவள் தைத்த சித்திரங்களைத்தான் நினைக்கிறோம். அந்தச் சித்திரங்களுக்கு முன்னால் பழந்துணிகளைப் பரப்பி, நீவி, பிடித்துவைத்த பொழுதுகளும் அவளுடையவைதாமே.

அடுத்தமுறை இப்படியொரு போர்வையை வாங்கும் நண்பர்கள் அதைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் சமமாக இருந்தால், நூலோட்டத்துக்குக் கூலி கொடுத்தீர்களா என்று விற்பவரைக் கேளுங்கள்.