காய்ச்சலால் செத்தான்!

குடவாசல் படிப்பகத்திலே கட்டிக் கிடந்த பழைய செய்தித்தாள்களை அவிழ்த்துப் புரட்டினோம். தூசி பறந்தது, தூசியினும் அதிகமாகச் சாவு பறந்தது! வாந்திபேதியால் மாண்டோர், வைசூரியால் மடிந்தோர், விஷசுரத்தால் வீழ்ந்தோர், மகோதரத்தால் மறைந்தோர்! அருகிலிருந்த பெரியவர் பெருமூச்செறிந்தார்: "பார்த்தீர்களா தம்பி, இத்தனை ஏட்டிலும் புற்றுநோய் உண்டா? சர்க்கரை வியாதி உண்டா? அந்தக் காலம் அந்தக் காலந்தான்!"

பெரியவர்மீது நமக்குக் கோபமில்லை. ஆனால் அதே பெருமூச்சை மேடையேற்றி, பழமையைப் பொற்காலமாக்கி, இளைஞரின் காதிலே ஊதுகிறார்களே, அவர்களைக் கேட்கிறோம்: சொல் இல்லையென்றால் நோயும் இல்லையா?

மகோதரம் என்றால் என்ன? வயிற்றிலே நீர் கோத்து வீங்குவது. ஏன் வீங்கிற்று? ஈரல் கெட்டதாலா, காசத்தாலா, புற்றாலா? ஏடு சொல்லாது. வீக்கத்தைக் கண்டார்கள், வீக்கத்துக்குப் பெயரிட்டார்கள். ராஜபிளவை என்றோர் அலங்காரப் பெயர்! முதுகிலே பல கண் வைத்துப் புரையோடும் கட்டி அது. நீரிழிவுக்காரரைத் தேடி வருவது. நோய் ஏட்டிலே இருக்கிறது தோழர்களே, வேறு சட்டை போட்டுக்கொண்டு!

வெள்ளையர் ஆட்சியிலே கிராமத்துச் சாவைப் பதிந்தவர் மருத்துவரல்லர், கிராம அதிகாரி. வாந்திபேதியும் வைசூரியும் அவர் கண்ணுக்குத் தெரியும். மற்றவை? "காய்ச்சல்!" மலேரியாவும் அதிலே, டைபாய்டும் அதிலே, பிரசவத்துக்குப்பின் கொதித்துக் கொதித்து இறந்த தாயும் அதிலே. புற்றுக்கு வயதும் வேண்டும். 1941 முதல் 1951 வரையிலான பத்தாண்டில் இந்தியரின் சராசரி வாழ்நாள் சுமார் 32 ஆண்டு. பிள்ளைச்சாவே அதிலே பெரும்பங்கு என்பதை மறைக்கமாட்டோம். ஆனால் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக மடிந்த காலமா பொற்காலம்?

தமிழ்ச் சொல்லென்றால் மூடம், ஆங்கிலச் சொல்லென்றால் அறிவு என்று நம் பக்கத்திலும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம். மலேரியா என்றால் இத்தாலிய மொழியிலே கெட்ட காற்று! கொசு என்று ரொனால்டு ராஸ் 1897-இல் காட்டிய பிறகும் காற்றின் பெயர் போகவில்லை. இன்புளுயன்சாவோ விண்மீன்களின் பாதிப்பு. நம்மூர்ச் சோதிடரின் சரக்கு! யானைக்கால், கக்குவான் என்ற நம் பெயர்கள் கண்டதைச் சொன்னவை, குற்றமற்றவை.

குற்றமுள்ள பெயர் ஒன்றுண்டு. ஏட்டிலே வைசூரி, வீட்டிலே "அம்மை", "ஆத்தா வந்திருக்கிறாள்". வாசலில் செருகிய வேப்பிலை அயலாரை விலக்கி நிறுத்தியது, அது நன்றே. ஆனால் ஆத்தாளுக்கு ஊசி போடலாமா என்ற நடுக்கம்? ஜென்னர் 1796-இல் வழி கண்டார். இந்தியாவிலே கடைசி நோயாளி 1975-இல்! இடையிலே கண்ணிழந்தவர் எத்தனை, மண்ணிலே புதைந்தவர் எத்தனை!

பெரியவரிடம் திரும்பினோம். "ஐயா, உங்கள் பாட்டனார் எதனால் இறந்தார்?"

"ராஜபிளவை. நாற்பத்தைந்து வயது."

"சிறுநீர் அடிக்கடி போவாரா?"

சற்று நேரம் பேசவில்லை. "கொல்லையிலே அவர் போன இடத்தில் எறும்பு மொய்க்கும் என்று பாட்டி சொல்லுவாள்" என்றார்.